மணவறை ஏற்றுதல்

ரெம்ஷைடில் தெருக்கள் எல்லாம் சரிவுதான்,
எங்கள் கராஜ் வாசல் மட்டும் மட்டம்.
ஆனாலும் முதலில் சில்லுக்கு அடை வைப்பேன்,
இரண்டு மரக்கட்டை.
அதன் பிறகே டிரெய்லரின் கதவு திறக்கும்.

காலை நாலரை.
உள்ளே ஒரு கல்யாணம்
துண்டு துண்டாகக் கிடக்கிறது:
எட்டுத் தூண், நான்கு ஃபைபர் யானை,
சிவப்பு வெல்வெட் சிம்மாசனம் இரண்டு,
மேடைப் பலகை பதினாறு, இரும்புச் சட்டத்தோடு.
யானையை ஒரு கையால் தூக்கலாம்.
பலகைக்கு இரண்டு பேர் வேண்டும்.

அமலதாஸின் கணக்கு மண்டபத்திலிருந்து தொடங்கும்:
"பலகைதானே அங்கை முதல் இறங்கவேணும்,
அப்ப அது கடைசியா ஏறட்டும், கதவடியில."
என் கணக்கு புர்ஷைட் இறக்கத்திலிருந்து தொடங்கும்.

போன சித்திரையில் அவன் கணக்கில்தான் போனோம்.
பாரம் முழுக்க வாலில்.
வேகம் தொண்ணூறைத் தொட்டபோது
கண்ணாடியின் இடப்பக்கம் டிரெய்லர் எட்டிப் பார்த்தது,
பிறகு வலப்பக்கம்,
பிறகு அதற்கு அந்த விளையாட்டுப் பிடித்துப்போனது.
ஸ்டியரிங்கை நேரே பிடித்தேன்.
காலை மெல்ல, மிக மெல்ல எடுத்தேன்.
அமலதாஸ் பேசாமலிருந்த நாற்பது விநாடி
என் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

யாழ்ப்பாணத் தமிழில் கொழுவுவது என்றால் மாட்டுவது.
சண்டை பிடிப்பதும் அதுதான்.
இன்று இரண்டாவது முதலில் நடந்தது,
பதினைந்து நிமிடம்.
மேல்வீட்டு ஃப்ராவ் கிரெப்பே
ஜன்னலைத் திறந்து, மூடினாள்.

பலகை அச்சுக்கு மேலே,
கொஞ்சம் முன்னே தள்ளி, தரையோடு படுக்கையாக.
இருபுறமும் தூண்கள்.
சிம்மாசனங்கள் முகத்தோடு முகம், நடுவில் பழைய கம்பளி;
பதினொரு மணிக்கு அமரப்போகிறவர்களைவிட நெருக்கமாக.
வாலில் யானைகள்.

குளியலறைத் தராசைக் கொண்டுவந்தேன்.
சற்றுமுன் எனக்கு எழுபத்து மூன்று காட்டிய அதே தராசு.
அதன் மேல் ஒரு மரத்துண்டு,
மரத்துண்டின் மேல் டிரெய்லரின் மூக்கு.
முப்பத்தொன்பது.
கார் எழுபத்தைந்து வரை தாங்கும்.
நாலு பலகையை இன்னும் முன்னே நகர்த்தினோம்,
குத்துவிளக்குப் பெட்டியையும்.
எழுபத்திரண்டு.
"உன்னைவிட ஒரு கிலோ குறைவு" என்றான்.
சமாதானம் அப்படித்தான் வந்தது.

பட்டிகளுக்கு மூன்று முடிச்சு செல்லாது.
ராட்செட்தான், நறநறவென்று பல் கடித்துக்கொண்டு,
சுண்டினால் தம்புராபோல் பேசும்வரை.
வெல்வெட்டின் மூலைகளில் அட்டை மடித்து வைத்தேன்.
கொழுக்கி பந்தின் மேல் விழுந்து டக் என்றது.
நம்பாமல் மூக்கைத் தூக்கிப் பார்த்தேன்:
காரும் சேர்ந்து எழுந்தது.
சின்னச் சில்லு மேலே ஏறிவிட்டது.
கழன்றால் பிரேக் பிடிக்கிற கம்பி தன் இடத்தில்.
"இடது" என்று பின்னால் நின்று கத்தினான்,
"வலது", "பிரேக்":
இருட்டில் அவன் முகம்
மஞ்சளாகி, மஞ்சளாகி, சிவந்தது.
அடைக் கட்டைகளை எடுத்து என் சீட்டுக்குக் கீழே போட்டேன்.

புர்ஷைட் இறக்கத்தில் எண்பது.
லாரிகள்கூட எங்களைக் கடந்தன.
கண்ணாடியில் டிரெய்லர்
ஒட்டிவைத்த படம்.
ஒன்றும் நடக்கவில்லை.
அதைப் பற்றி நாங்கள் கதைக்கவுமில்லை.

நொய்ஸில் மழை.
பெண்ணின் தகப்பன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
பலகையை எடுப்பதற்கு முன்
யானைகளை இறக்கவேண்டியிருந்தது.
கார் பார்க்கில் நான்கும் வரிசையாக நனைந்தன,
தும்பிக்கை தூக்கியபடி.
சைக்கிளில் வந்த ஒரு ஆள்
ஒரு காலை ஊன்றி நின்று,
ஹெல்மெட்டிலிருந்து நீர் சொட்ட
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அப்பவே..." என்று தொடங்கிய அமலதாஸ்
முடிக்கவில்லை.
முதல் பலகையின் ஒரு முனையைத் தூக்கி
மறுமுனைக்காக நின்றான்.