காற்றுக்கு ஒரு பில்

கொட்டகலை ஏற்றத்தில் மறுபடியும் முள் சிவப்பில்.
தண்ணி குறையவில்லை, ஒழுக்கும் இல்லை.
ஹீட்டரைத் திறந்தால் பனி;
டேஷ்போர்டுக்குள் யாரோ வாய் கொப்பளிக்கிறார்.

தெர்மோஸ்டட் மாற்றினேன். ரேடியேட்டர் மூடியும் மாற்றினேன்.
வாட்டர் பம்பைச் சந்தேகப்பட்டேன்,
பிறகு, கடைசியாக ஓட்டிய புஷ்பலீலாவை.

நிசாம்தீன் பாஸ் எதையும் கழற்றவில்லை.
ஆறவிட்டு, வேனின் மூக்கை மேட்டுக்குத் திருப்பி,
சக்கரத்துக்கு அண்டைக்கல் வைத்து,
மூடி திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு
மேல் ஹோஸைப் பிசைந்தார், மாட்டு மடிபோல.

க்ளக்.
ஒரு குமிழி. வெகுநேரம் கழித்து இன்னொன்று.
பச்சைத் தண்ணி சடாரென்று ஒரு சாண் இறங்கியது.
"காத்து. வேறொண்ணுமில்ல."

இந்த மலையில் சும்மா கிடைக்கும் ஒரே பொருளுக்கு
எட்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன்.

நானுஓயா தாண்டும்போது புஷ்பலீலா
ஹீட்டர் வாயில் கைகளைக் காட்டிக் குளிர்காய்ந்தாள்.
முள் பாதியில் நின்றது.
அவளைச் சந்தேகித்ததை நான் இன்னும் சொல்லவில்லை.