இரண்டாம் பூச்சு

ஆரம்பாக்கம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
முனிரத்தினம் ஹவில்தார் வீடு.
பெயின்ட் அடிக்கப் படத்தைக் கழற்றினேன்:
எண்பத்தேழு, யாழ்ப்பாணம்.
லாரியில் மாலையோடு நிற்கிறார், இரண்டு காலோடும்.

'உங்க சனம் போட்ட மாலைதான்' என்றார்.
ஓம். அந்தக் கூட்டத்தில் எங்கட அம்மாவும்.
மூன்று மாதத்தில் அதே ரோட்டில் வெடித்தது.
'அந்தப் பையனுக்கு வயர் இணைக்கக் கத்துக்கொடுத்ததே
நம்ம ஆளுங்கதான்யா, வடக்கே ஏதோ மலையில.'
சொல்லிவிட்டுக் காலின் வாரை இறுக்கினார்.

அம்மா எந்தத் துவக்கால் செத்தாள் என்று
அவர் கேட்கவில்லை.
நானும்.

படம் இருந்த சதுரத்தில் மட்டும் பழைய நீலம்.
ஒரு பூச்சுக்கு அடங்காது. 'நாளைக்கு வாறன்.'

ஆறு மணிக்குள் கும்மிடிப்பூண்டி முகாமில் கையெழுத்து.
வரிசையில் எனக்கு முன்னால்
இங்கேயே பிறந்த என் மகள்.