இடக்கை உறை, ஒன்று

கடைசி ஐம்பத்திரண்டு பணிமனைக்குள் வரும்போது
இரவு பன்னிரண்டே கால்.
ஷெஃபீல்டின் மேடெல்லாம் ஏறி இறங்கிய களைப்பில்
பேருந்து ஒரு பெருமூச்சு விட்டுக் கதவைத் திறக்கும்.
நான் வாளியோடு ஏறுவேன்.

என் ஆங்கிலம் இருக்கைகளுக்கு அடியில் கிடைத்தது.
சூயிங்கத்தைச் சுரண்டும் தகடு ஸ்கிரேப்பர்.
கடித்து எறிந்த ரொட்டியின் ஓரம் கிரஸ்ட்.
பல்செட்டுக்கு டென்ச்சர்; அதைக் கற்ற அன்று
இரண்டு முறை கை கழுவினேன்.
கிடைத்ததையெல்லாம் படிவத்தில் எழுத வேண்டும்:
என்ன, எத்தனை, எங்கே.
முதல் மாதம், பெயர் தெரியாதவற்றைப் படமாக வரைந்தேன்.
மேற்பார்வையாளர் ஹார்கிரீவ்ஸ் அவற்றைத்
தேநீர் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.
என் குடையைப் பார்த்து
வௌவால் என்று நினைத்தவர்களும் உண்டு.

அவர் என்னை லவ் என்றுதான் கூப்பிடுவார்.
ஓட்டுநர்களையும். ஒருமுறை,
திறக்க மறுத்த கதவையும்.
அகராதியில் அந்தச் சொல்லுக்கு நேரே இருந்ததைப் படித்துவிட்டு
ஒரு வாரம் அவர் இருந்த பக்கமே போகவில்லை நான்.

பிறகு அந்தக் கையுறை.
சிவப்பு. குழந்தையுடையது. பின்வரிசை, ஜன்னலோரம்.
லெஃப்ட் கிளவ், ஒன்று, என்று எழுதினேன்.
ஹார்கிரீவ்ஸ் சிரித்தார்.
"லவ், இந்தப் பெட்டியில் இருக்கிற எல்லாமே லெஃப்ட்தான்.
விட்டுப் போகாவிட்டால் இங்கே எப்படி வரும்?"

அகராதியைப் புரட்டினேன்.
இடது. விட்டுச் சென்ற. எஞ்சிய.
மூன்று வேலைக்கு ஒரே ஆளை வைத்திருக்கிறது இந்த மொழி,
எங்கள் பணிமனையைப் போல.
எங்கள் திக்ரிஞாவில் இடதுக்கு ட்ஸெகாம்.
அது இடதோடு நிற்கும்.
யாரையும் விட்டுப் போகாது.

துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

குடியேற்ற அலுவலகம். வந்த நான்காம் நாள்.
மொழிபெயர்ப்பாளரின் குரல் தொலைபேசியில் அறுந்து அறுந்து வந்தது.
அறுந்த இடங்களில் நான் தலையாட்டினேன்,
ஆமாம் என்று கொஞ்சம், இல்லை என்று கொஞ்சம்.
அதிகாரி பொறுமையிழந்து நேரே கேட்டார்:
உன் குடும்பத்தில் யார் லெஃப்ட்?

அப்போது எனக்குத் தெரிந்த நாற்பது சொற்களில் அதுவும் ஒன்று.
வரிசைகளில் காவலர்கள் கத்திக் கத்திப் பழக்கிய சொல்.
இதையெல்லாமா கேட்பார்கள் என்று வியந்தபடி,
தம்பி மெப்ராஹ்து, என்றேன்.
இடக்கையால் எழுதுவான்,
அதற்காகப் பள்ளியில் அடியும் வாங்கியிருக்கிறான்.
பேனா பிடிப்பதுபோல் என் இடக்கையைத் தூக்கிக் காட்டவும் செய்தேன்.
அவர் ஒரு பெயர் எழுதினார். பக்கத்தைத் திருப்பினார்.

வின்தாவுக்கு ஆறு வயது.
வலக்கையால் சாப்பிடுவாள், வலக்கையால் வரைவாள்,
கோபம் வந்தால் வலக்கையால் என்னை அடிப்பாள்.
அதனால் படிவத்தில் இல்லை.

வழக்கறிஞர் சொல்கிறார்,
நடந்ததை உன் சொற்களிலேயே எழுதிக் கொடு.
எழுத உட்கார்ந்தால் கை தானாகக் கட்டம் போடுகிறது.
என்ன: மகள்.
எத்தனை: ஒன்று.
எங்கே: கெரென், அக்கா ஸெனாயித்தின் வீடு,
கதவோரக் கட்டில்.
யார் விட்டது என்று கேட்கும் கட்டம்
எங்கள் படிவத்தில் கிடையாது.
அதை நானே கோடு போட்டுச் சேர்த்தேன்.

கையுறைக்கு இன்னும் ஒன்பது நாள்.
இருபத்தெட்டாம் நாள்வரை யாரும் கேட்டு வராவிட்டால்
அப்புறப்படுத்திவிடுவோம்; விதி அப்படி.
இரண்டு முறை பெட்டியின் அடியிலிருந்து எடுத்து
மேலே வைத்துவிட்டேன்.

விளக்கை அணைக்கும் முன் ஓட்டுநர் டாரியுஷ்
முன்வாசலில் நின்று குரல் கொடுப்பார்,
உள்ளே யாராவது லெஃப்ட்?

கை தூக்கினேன்,
எந்தக் கை என்று
ஒருமுறை பார்த்துவிட்டு.