ஒரே மூச்சில்

"ஒரே மூச்சுல எண்ணு வெள்ளச்சி, ஒண்ணு, ரெண்டு…"
நாகலூர் தாண்டும்போது இருபத்தெட்டு வரை வந்தாள்.
விறகடுக்கில் கைவிட்டவள். நல்லபாம்பு.
மணிக்கட்டு பூசணிப் பிஞ்சாய் வீங்கியிருந்தது.
ஆம்புலன்ஸை இறக்கத்தில் விட்டார் சவரிமுத்து.

இருபதாவது கொண்டை ஊசியில்
இமைகள் கனக்கத் தொடங்கின.
தூக்கமில்லை அது.
"தூங்கலை" என்று அவளே சொன்னாள், மூக்கால்.

எனக்குத் தெரியும், மேலே எதுவும் நிற்கவில்லை.
இமைக்கு மூளை ஆள் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது.
நரம்பின் சவ்வுக்குள் எழுபது மில்லிவோல்ட் குறைவு.
கதவு திறந்ததும்
ஷட்டர் தூக்கிய ரேஷன் கடைக்குள் ஜனம் போல
சோடியம் உள்ளே பாயும்,
பொட்டாசியம் வெளியே நழுவிக் கணக்கை நேர்செய்யும்.
நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.
சோற்றில் போடுகிறோமே, அந்த உப்பின் பாதிதான் சோடியம்.
அதற்கு அதட்டலும் தெரியாது, கெஞ்சலும் தெரியாது.
எழுந்தால் ஒரே உயரம், இல்லையேல் இல்லை.
கொழுப்பு போர்த்திய நீளங்களை விட்டுவிட்டு
இடைவெளிக்கு இடைவெளி தாவி
எங்கள் வண்டியைவிட வேகமாய் இறங்கும்.

பதினான்கு. "எண்ணு."
பதினேழோடு காற்று தீர்ந்தது.

நரம்பு தசையைத் தொடுவதே இல்லை என்று
பயிற்சி வகுப்பில் சொன்னபோது நான் நம்பவில்லை.
விளிம்பு வரைதான் மின்சாரம்.
அங்கே கால்சியம் நுழைய, சிறு பைகள் வாய்திறந்து
ரசாயனத் துளிகள் பள்ளத்தில் குதிக்கும்.
அக்கரையில் இருக்கைகள்.
உட்கார இடம் கிடைத்தால்தான் இமை அசையும்.

பாம்பு எதையும் அறுக்கவில்லை.
ஏற்காடு பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு எறிவது போல
எல்லா இருக்கையிலும் இடம் போட்டுவிட்டது.
செய்தி வருகிறது. கம்பியைப் பிடித்தபடி நிற்கிறது.
நிற்பவர்களை கண்டக்டர் இறக்கிவிடுகிறார்.

ஒன்பது. இமை முழுக்க மூடிவிட்டது.
"கேக்குதா?"
என் சுண்டுவிரலை அழுத்தினாள்.
எத்தனை நெரிசலைத் தாண்டி வந்த அழுத்தம்.

நாலாவது வளைவில் எதிரே டூரிஸ்ட் வேன்.
சவரிமுத்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.
அவள் உதடு லேசாகக் கோணியது.
சிரிப்பாகவும் இருக்கலாம்.
எண்ணிக்கை ஆறு.
மூச்சுப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடிவாரம், கோரிமேடு, அஸ்தம்பட்டி சிக்னல்,
வழிவிடாத ஒரு புல்லட்,
பெரியாஸ்பத்திரி.
விஷமுறிவு மருந்து சொட்டச் சொட்ட இன்னொரு ஊசி,
கண்டக்டரின் கையைக் கட்டிப்போடுவது.
கூட்டம் சேரட்டும், நெரியட்டும்.
எங்காவது ஒரு துண்டு நழுவும்,
யாராவது சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள்.

அரைமணி ஆனது.
இடது இமை ஒரு நூல் உயர்ந்தது.
நெடுநேரம் கழித்து வலதும்.
டியூப்லைட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
எண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"செருப்பு ஒத்தைதான் கெடக்குது," என்றாள்,
"இன்னொண்ண எந்த வளைவுல விட்டீங்க?"