தேதி கேட்கும்

குளச்சல் ஆக்கர் கடையில்
எடைக்குத்தான் போட்டிருந்தார்கள்.
பதினொன்றரைக் கிலோ.
கீபோர்டு கயிற்றில் தொங்கி ஆடியதால்
தராசு முள் நிற்க நேரமாயிற்று.
தையல் மிஷின் போல் கைப்பிடி. பெட்டியாக மூடும்.
திறந்தால் திரை ஆரஞ்சாக எரியும்.
இதன் பெயரைச் சொன்னால்
இந்த ஜில்லாவில் திரும்பிப் பார்க்க
இரண்டு பேர்தான் உண்டு.
நான் ஒருவன்.

கருங்கல் வந்து திருகாணி கழற்றினேன்.
பேட்டரி ஒழுகி, உள்ளே
குளத்துப் படிபோல் பச்சை.
ஊறுகாய்க்கு வைத்திருந்த வினாகிரியைத்
தொட்டுத் தொட்டுத் துலக்கினேன்.
"அடுக்களையிலயிருந்து இனி என்ன போகும்?"
என்றாள் ஷெர்லின்.
பல் பிரஷ் ஏற்கெனவே போயிருந்தது.

ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை.
நடுவே வெறித்த ஒன்பது நாளும்
பலகை மொட்டை மாடியில் காய்ந்தது.
ஒரு சில்லின் மேல் காகிதம் ஒட்டியிருந்ததை
எண் பார்க்க உரித்திருந்தேன்.
அடியில் அரிசியளவு கண்ணாடி ஜன்னல்.
அதன் வழியே வெயில் போனால்
எழுதியதெல்லாம் அழியும்.
தெரியாதவன் செய்திருந்தால் பரவாயில்லை.

கரண்ட் கொடுத்தேன்.
பழுத்த பாக்கின் நிறத்தில் எரிந்தது திரை.
சொல்ல ஒன்றுமில்லை அதற்கு.

இரண்டாமவன் திருவிதாங்கோட்டு மாகீன்.
அவனிடமும் இதே மிஷின்.
திரை உடைசல், சில்லு உயிரோடு.
எட்டு மாதம் பேரம்.
திரையைத் தா. சில்லைத் தா. நீ தா முதலில்.
அவன் மகள் நிக்காஹில்
பிரியாணி தின்று கை கழுவுமிடத்திலும்
இதுதான் பேச்சு.
பிரதி எடுக்கவாவது விடு, அஞ்சு நிமிச வேலை என்றேன்.
"பெறவு நான் எதுக்கு ஒனக்கு?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் அவனே வந்தான்.
பவுடர் டப்பியில், சாக்லேட் தாளுக்குள் சில்லு.
"பத்து நிமிசம். கடைசி பஸ் எட்டேகாலுக்கு."
என் கையைத் தட்டிவிட்டு
ஒவ்வொரு காலாக நிமிர்த்திப் பொருத்தினான்.
விசிறி முனகியது.
மேல் மூலையில் ஒரு வரி, அதன் பின்னால் துடிக்கும் சதுரம்:
தேதி என்ன?

இன்றையதைக் கொடுத்தோம். ஏற்கவில்லை.
வருடத்துக்கு இரண்டே இலக்கம்,
எண்பதுக்குக் கீழே போனால் திரும்பவும் கேட்கிறது.
"எண்பத்தொம்பது போடு."
நான் பத்தாங்கிளாஸ் தோத்த வருசம், வேற சொல்லு.
"எண்பத்திரண்டு?"
மண்டைக்காடு, என்றேன்.
கை எடுத்தான்.
தொண்ணூற்றிரண்டு என்று நான் சொன்னபோது
பதில் சொல்லாமல்
டப்பி மூடியைத் திறந்தான், மூடினான்.
சதுரம் துடித்துக்கொண்டே இருந்தது.

எட்டு அஞ்சுக்கு அணைத்து
சில்லைப் பிடுங்கி
ஜன்னல் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப்
பெருவிரலால் இன்னொருமுறை அழுத்திவிட்டுப்
புறப்பட்டான்.
"அடுத்த ஞாயிறுக்குள்ள
நல்ல வருசமா ஒண்ணு ஓர்த்து வை."

எண்பதிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை
மொத்தம் இருபதுதான்.
ஷெர்லினையும் கேட்டிருக்கிறேன்.