பன்னிரண்டாம் மாத அழைப்பு

வணக்கம், சேலத்திலிருந்து பேசுகிறேன்,
இதய ஆஸ்பத்திரி.
லோன் விஷயம் இல்லை, வைத்துவிடாதீர்கள்.
போன வருஷம் இதே மாசம்
உங்களுக்கு ஒரு சிகிச்சை நடந்தது.
இப்போது எப்படி இருக்கிறீர்கள்?

ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்கிறேன்.
முன்னால் இரண்டு பட்டியல்கள்.
நெஞ்சைத் திறந்து
காலில் எடுத்த குழாயை வைத்துத் தைத்தவர்கள் நீலம்.
மணிக்கட்டு வழியே கம்பி விட்டு
ஸ்டென்ட் வைத்தவர்கள் மஞ்சள்.
யார் அதிகம் மிஞ்சினார்கள் என்று
டாக்டர் திருவேங்கடத்துக்குத் தெரிய வேண்டும்.
மிஞ்சினார்கள் என்பது என் சொல்.
படிவத்தில் வேறு சொல் இருக்கிறது.

நீலம் பதினேழு.
செவ்வாய்பேட்டையில் கொலுசு பற்றவைக்கும் துளசிராம்.
"தையல் போட்ட எலும்பு
மழைக்கு முந்தின நாளே சொல்லிடுதும்மா.
தெருவே என்னைக் கேட்டுத்தான் வடகம் காயப்போடுது."
வலி: உண்டு.
மீண்டும் அனுமதி: இல்லை.
வடகம்: கட்டம் இல்லை.

மஞ்சள் நாற்பத்திரண்டு, கொண்டலாம்பட்டி சென்னம்மா.
விசைத்தறி இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை.
'நல்லா இருக்கேன்' என்று எழுதிக்கொண்டேன்.
'நாளைக்கு வரேன்' என்றிருக்கிறார்.
வந்தார். மாத்திரை அட்டையை மேசையில் வைத்தார்.
"விலை கட்டுப்படியாகலை.
ஒருநாள் விட்டு ஒருநாள் போடறேன்.
இதயத்துக்குத் தெரியவா போகுது?"
மாத்திரை உட்கொள்கிறாரா: ஆம் / இல்லை.
நான் பேனாவை இரண்டுக்கும் நடுவில்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
பிறகு மருந்துக்கடை ராயப்பனிடம்
மலிவான கம்பெனி உண்டா என்று கேட்கப் போனேன்.
அது என் வேலையில் இல்லை.

பச்சை என்று சின்னதாக ஒரு பட்டியல், பேஸ்மேக்கர்காரர்களுக்கு.
அதில் ஒன்பதாவது குழந்தைவேலு, சவ்வரிசி ஆலை மேஸ்திரி.
அழைப்புக்குக் காத்திராமல் அவர் மகனே வந்தான்,
கையில் தட்டுவடை டப்பா.
"எரிச்சா வெடிக்கும்னு முன்னாடியே எடுத்துட்டாங்க.
இதை யார்கிட்டத் திருப்பிக் கொடுக்கணும்?"
ஆத்தூர் ரோட்டில் லாரி. இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
கம்பெனிப் பையன் டப்பாமேல் ஏதோ வைத்துப் பார்த்தான்.
பேட்டரி இன்னும் எட்டு வருஷம் வரும் என்றான்.
இப்பவும் தட்டுதுங்க,
நிமிஷத்துக்கு அறுபது.

கருவியின் செயல்பாடு: மிக நன்று.
எழுதினேன்.
நோயாளியின் நிலை என்ற கட்டம் அதே வரியில்,
ஒரு விரல் தள்ளி.
டப்பாவை அவனே எடுத்துப்போனான். நான் தடுக்கவில்லை.

கணக்குப் பார்ப்பவர் மதியம் வந்தார்.
இதுவரை வந்ததில் நீலத்துக்கும் மஞ்சளுக்கும்
சொல்லும்படி வித்தியாசமில்லை என்றார்.
அவர் தப்பாகச் சொல்லவில்லை.
துளசிராமையும் சென்னம்மாவையும்
ஒரே பெஞ்சில் உட்காரவைத்து
அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

மிச்சம் ஒன்று. மஞ்சள் நூற்றிமூன்று.
சடையன், வயது அறுபத்தொன்று, ஏற்காட்டுக்கு மேலே நாகலூர்ப் பக்கம்.
மூன்று ஸ்டென்ட்.
நாலு நாளாகத் தொடர்பு எல்லைக்கு அப்பால்.
இன்றும் கிடைக்காவிட்டால் 'தொடர்பு அறுந்தவர்',
இருப்பவர்களோடும் சேராது, இல்லாதவர்களோடும் சேராது.

ஐந்தரைக்கு ஒரு பெண் எடுத்தாள். வெள்ளச்சி, மனைவி.
காற்று பலமாக அடித்தது.
"பாறை மேல நின்னாத்தான் டவரு. சீக்கிரம் சொல்லுங்க."
இரண்டு மாடி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறதா?
"மாடி ஏது இங்க?
மிளகு பறிக்க சில்வர் ஓக்குல ஏறியிருக்காரு.
இருங்க, கேட்டுச் சொல்றேன்."

கூப்பிட்டாள். குரல் சரிவில் இறங்கிப் போனது.
எங்கோ உயரத்திலிருந்து ஒரு பதில் வந்தது,
வசவா சிரிப்பா, விளங்கவில்லை.
"கூடை நிறையட்டுமாம்."

போனைக் காதில் வைத்தபடி இருந்தேன்.
டாக்டர் கதவருகில் நின்று
மஞ்சள் முடிந்ததா என்றார்.
கையைத் தூக்கிக் காட்டினேன்.
இன்னும் இறங்கலை, சார்.