ஏலீமின் சாவி

ஏழாவது கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்திருந்தது.
பேருந்து அங்கேயே நின்றுவிட
குடையும் ரொட்டிப் பாக்கெட்டுமாக
மீதி மலையை நடந்தே ஏறினோம்,
நானும், பொருளாளர் எசேக்கியேலும்,
முழங்கால் தேய்ந்த லில்லியன் அக்காவும்.
ஏலகிரி இவ்வளவு உயரம் என்று
இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரியாது.

எக்ஸ்ரே அறையில் வேலை எனக்கு, வேலூரில்.
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று
நாளைக்கு நூறு தரம் பிறருக்குச் சொல்லிவிட்டு
என் மூச்சை விட
வருடத்தில் மூன்று நாள் இங்கே வருவேன்.
ஓடு வேய்ந்த ஒரு கூடம். ஆறு அறை.
பேசக்கூடாது என்ற ஒரே விதி.
பெயர்தான் ஏலீம்.
பன்னிரண்டு ஊற்று இல்லை; ஒரு கிணறு.
எழுபது பேரீச்சை இல்லை; சில்வர் ஓக்,
மௌனம் சலித்த ஒரு மதியம் எண்ணினேன்,
அறுபத்து நான்கு.

இப்போது எண்ண நேரமாகவில்லை.
நின்றவை ஒன்பது.

கூடத்தின் முதுகை ஒடித்துக்கொண்டு படுத்திருந்தது ஒரு மரம்.
பீடத்தின் மேல் அதன் உச்சிக்கிளை,
இன்னும் பச்சையாக.
பாட்டு எண் பலகையில்
கடைசி ஆராதனையின் எண்கள் அப்படியே இருந்தன.
நனைந்து பருத்த வேதாகமங்களைப்
பாறைமேல் விரித்துவைத்தோம்.
காற்று வந்து புரட்டியது.
"நீ வாசிச்சது போதும்"
என்றார் எசேக்கியேல், காற்றிடம்.
யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்துச் சிரித்தோம்.

காப்பீட்டுக் கடிதம் அவர் பையில் இருந்தது.
தெய்வச் செயலுக்கு இழப்பீடு கிடையாதாம்.
ஆயரோ, காற்றில் கர்த்தர் இல்லை என்று
போன ஞாயிறு பிரசங்கித்தார்.
இரண்டில் எதை நம்ப, ஆண்டவரே?
இருந்தீர் என்றால் உம்மேல் எனக்குக் கோபம்.
இல்லை என்றால்
அந்த இரவு எங்கே போயிருந்தீர்?
உரக்கவே கேட்டேன்.
பேசக்கூடாத இடத்தில்
நான் முதன்முதலாகப் பேசியது அதுதான்.

தீர்த்தன் வந்தார், காவல்காரர்.
வேட்டி முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினார்.
"பூட்டிட்டுத்தாம்மா போனேன்."
உண்மைதான். கதவு நின்றது, பூட்டும் தொங்கியது.
இரண்டு பக்கமும் சுவர்தான் இல்லை.
ஓட்டுக் கணக்கு, மரக் கணக்கு, கூலிக் கணக்கு என்று
சாயங்காலம் வரை அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.
இறங்கும்போது லில்லியன் அக்காதான் கேட்டாள்:
"உங்க வீடு?"
"அது அன்னைக்கே போச்சுங்க.
பள்ளிக்கூடத்துல இருக்கோம்."

காலையிலிருந்து
ஆண்டவர் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.
தீர்த்தன் எங்கே படுத்தார் என்று கேட்கத் தோன்றவில்லை.

வேலூரில் குழு கூடியது.
விற்றுவிடலாம், ரிசார்ட்காரன் நல்ல விலை தருகிறான்
என்றார்கள் சிலர்.
வந்த காணிக்கையில் முதல் தகடு யார் கூரைக்கு
என்ற பேச்சில் இரண்டு பேர் எழுந்து போனார்கள்.
அதில் ஒருவர் கோயில் வாசலில்
இன்னமும் எனக்குத் தோத்திரம் சொல்வதில்லை.

ஒடிந்த எலும்பு கூடத் தொடங்கும்போது
படத்தில் தெரிவது எலும்பு அல்ல.
முறிவைச் சுற்றி ஒரு மங்கல்,
புகை படிந்ததுபோல.
புதிதாகச் சேர்ந்தவர்கள்
படம் கெட்டுவிட்டதென்று மறுபடி எடுக்கப் போவார்கள்.
இருக்கட்டும் என்பேன்.

சாவி என் கைப்பையில்,
ஆஸ்பத்திரி அடையாள அட்டையோடு.
எதையும் திறக்காது.
வெளியே எடுத்துவைக்கவும் மனமில்லை.

லெந்து காலத்தில் மறுபடி போனோம், பதினொரு பேர்.
கூடம் இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தோம்.
அது படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.
ஜெபம் வரவில்லை. எனக்கு மட்டுமா, தெரியாது.
கீழே தீர்த்தன் வீட்டில்
தகரத்தில் ஆணி இறங்கும் சத்தம்,
நின்று, நின்று, மறுபடி.
மௌனம் கலைந்ததென்று
ஒருவரும் எழுந்திருக்கவில்லை.